விலக்கியவற்றின் கணக்கு

ரசிகமணி டி.கே.சி. தம் கடைசிக் காலத்தைக் குற்றாலத்தில் கழித்தார். ராஜாஜியும் கல்கியும் தேடிவந்த வீடு அது. கம்பன் பெயரில் வழங்கும் பத்தாயிரத்துச் சொச்சம் பாடல்களில் ஒரு பகுதிதான் கம்பன் பாடியது, மற்றவை பின்னால் வந்தவர்கள் செருகியவை என்பது அவர் கட்சி. செருகல் என்று எப்படித் தெரியும்? வாய்விட்டுப் பாடிப் பார், தெரிந்துவிடும் என்பதுதான் அவர் பதிலின் சாரம். ஏற்றுக்கொண்ட பாடல்களிலும் சில சொற்களைத் திருத்தினார். அப்படித் தேர்ந்து தொகுத்ததுதான் 'கம்பர் தரும் ராமாயணம்'. அதன் வழியாகக் கம்பனுக்குள் நுழைந்தவர்கள் ஏராளம். ஆனால் தள்ளிய பாடல் ஒவ்வொன்றையும் ஏன் தள்ளினார் என்று வரிசையாக எழுதிவைத்த கணக்கு இல்லை. அவருடைய ரசனையோடு ஒத்துப்போகாத ஒருவர் அதே வேலையை மறுபடி செய்து சரிபார்க்க வழி கிடையாது.

அதே நெல்லைச் சீமையில் பிறந்த எஸ். வையாபுரிப் பிள்ளை வேறு பாதையில் போனார். பிரதிகளைக் கூட்டி, ஒப்பிட்டு, பாடபேதங்களைக் குறித்துவைத்துப் பதிப்பிப்பது அவர் முறை. 1926 முதல் அவர் பொறுப்பில் நடந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் வரவு செலவைப் பார்த்தால் அந்தப் பாதைக்கு என்ன விலை என்று தெரியும். வேலை தொடங்கியது 1913இல். முதலில் போட்ட மதிப்பீடு ஒரு லட்சம் ரூபாய். ஆறு தொகுதிகள் 1936இலும் அனுபந்தம் 1939இலும் முடிந்தபோது செலவு ஏறத்தாழ நான்கு லட்சத்துப் பத்தாயிரம். முதல் மதிப்பீட்டைப் போல நான்கு மடங்கு. காலமோ கால் நூற்றாண்டு. யாரும் ஏமாற்றவில்லை, யாரும் சோம்பி இருக்கவும் இல்லை. எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன் என்று தொடங்கும் எந்த வேலைக்கும் இது நேரும்.

மருத்துவத்திலும் சூழலியலிலும் இன்று 'சிஸ்டமேட்டிக் ரிவியூ' என்று வழங்கும் முறைசார் மீளாய்வு இந்த இரண்டாவது பாதையைச் சேர்ந்தது. முன்பெல்லாம் ஒரு துறையில் இதுவரை தெரிந்தது என்ன என்று சொல்லும் கட்டுரையைத் துறையின் பெரியவர் ஒருவர் எழுதுவார். தமக்குத் தெரிந்த ஆய்வுகளை எடுத்துக்கொள்வார். தமக்கு ஒவ்வாதவை தாமாகவே விடுபட்டுப்போகும். பிரிட்டிஷ் மருத்துவர் ஆர்ச்சி காக்ரேன் 1979இல் தம் துறையினரை இதற்காகக் கடிந்துகொண்டார்: கட்டுப்பாட்டுச் சோதனைகளை எல்லாம் துறைவாரியாக எடைபோட்டுத் தொகுத்து, அவ்வப்போது புதுப்பித்தும் வைக்க நமக்கு ஓர் ஏற்பாடு இல்லையே என்பது அவர் குறை. 1993இல் இயன் சால்மர்ஸ் முன்னின்று ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கிய அமைப்பு அவர் பெயரையே தாங்கியது. அதன் தெற்காசிய மையம் அமைந்தது வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில். மனநல மருத்துவர் பிரதாப் தரியன் அதை நெடுங்காலம் நடத்தினார்.

வேலை நடக்கும் விதம் இது. கேள்வியை முதலில் இறுக்கமாக வரையறுக்க வேண்டும். எந்த ஆய்வைச் சேர்ப்பது, எதை விலக்குவது என்ற விதிகளைத் தேடத் தொடங்கும் முன்பே எழுதிப் பொதுப் பதிவேட்டில் பதிய வேண்டும். பிறகு தரவுத்தளங்கள் அத்தனையிலும் தேடல். வந்து விழும் தலைப்புகளையும் சுருக்கங்களையும் இருவர், ஒருவர் முடிவை மற்றவர் பார்க்காமல், படித்துச் சலிக்க வேண்டும். எஞ்சியவற்றின் முழுக் கட்டுரையைத் தேடிப் பிடித்து மறுபடி சலிக்க வேண்டும். கடைசியாகத் தேறியவற்றின் குறைபாடுகளை அளந்து, எண்களைப் பிரித்தெடுத்து, சேர்த்துப் பார்க்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு அச்சாகும் கட்டுரையில் ஒரு வரைபடம் கட்டாயம்: எத்தனை கட்டுரை வந்தது, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை போயிற்று, முழுதாகப் படித்த பிறகும் தள்ளியவை எவை, எந்தக் காரணத்தால். டி.கே.சி.யிடம் கிடைக்காத கணக்கு இதுதான்.

இதற்கு எவ்வளவு காலம் பிடிக்கும்? 1999இல் ஆலன், ஆல்கின் என்ற இருவர் 37 மீளாய்வுகளை எடுத்துப் பார்த்துச் சராசரி 1139 மணி நேரம் என்றார்கள். குறைந்தது 216, கூடியது 2518. 2017இல் வந்த இன்னொரு ஆய்வு, மீளாய்வுகளைப் பதியும் பிராஸ்பெரோ என்ற பொதுப் பதிவேட்டில் இருந்த 195 மீளாய்வுகளைப் பின்தொடர்ந்தது. பதிவு செய்த நாளிலிருந்து அச்சேற 67 வாரம், சராசரியாக ஐந்து ஆசிரியர்கள். சலிக்க வேண்டியிருந்த கட்டுரைகள் ஒரு மீளாய்வுக்கு வெறும் 27 ஆகவும் இருந்தன, இன்னொன்றுக்கு 92,020 ஆகவும் இருந்தன. கடைசியில் தேறியது சராசரியாக நூற்றுக்கு மூன்றுக்கும் சற்றுக் குறைவு. 2019இல் அமெரிக்கச் சம்பளக் கணக்கை வைத்து ஒரு மீளாய்வின் விலையை 1,41,000 டாலர் என்று மதிப்பிட்டார்கள். அன்றைய மாற்று விகிதத்தில் ஒரு கோடி ரூபாய்க்குப் பக்கம்.

இந்த எண்களைப் பிடித்துக்கொண்டு பயப்படும் முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 67 வாரம் என்பது நாள்காட்டியில் ஓடிய காலம். கூட்டாளி விடுப்பில் போனது, இதழாசிரியர் மூன்று மாதம் பதில் போடாதது எல்லாம் அதில் அடக்கம். 1139 மணி என்பது உழைத்த காலம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது மீளாய்வு பற்றிய பேச்சில் சாதாரணமாக நடக்கிறது. சூழலியல் மீளாய்வுகளை ஆராய்ந்த ஹாடவே, வெஸ்ட்கேட் இருவரும் 2019இல் இதைத் தெளிவாகப் பிரித்தார்கள். ஓர் ஆள் முழுநேரமாக உட்கார்ந்தால் ஒரு மீளாய்வுக்குச் சராசரி 164 நாள் என்பது அவர்கள் கணக்கு. கல்லூரியில் பாடம், விடைத்தாள், தேர்வுப் பணி எல்லாம் முடிந்து தினம் இரண்டு மணி நேரம் கிடைக்கும் விரிவுரையாளர் ஒருவருக்கு 1139 மணி என்பது ஒரு நாளும் விடாமல் ஒன்றரை ஆண்டுக்கு மேல்.

ஆலன், ஆல்கின் இருவரின் கட்டுரையில் என் கண்ணில் பட்ட முக்கியமான எண் 1139 அல்ல, 721. அவர்கள் தந்த சூத்திரத்தில் அதுதான் அடித்தளம். கட்டுரை ஒன்றும் அகப்படாவிட்டாலும் 721 மணி ஆகும். அதற்கு மேல் சலிக்க வேண்டிய ஒவ்வொரு கட்டுரைக்கும் ஏறக்குறைய கால் மணி நேரம் கூடும். சூத்திரம் பழையது. கணினிக் கருவிகள் வந்த பிறகு எண்கள் இறங்கியிருக்கும். ஆனால் உருவம் மாறவில்லை. சின்னக் கேள்வி என்பதால் சின்னச் செலவு ஆகிவிடாது. தென்காசி போன்ற ஊருக்கு இதுதான் இடி.

உதாரணத்துக்குப் பாம்புக்கடியை எடுத்துக்கொள்ளலாம். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் இறந்திருக்கலாம் என்று 2020இல் வெளியான ஆய்வு கணித்தது. தமிழ்நாடு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22இல் பிரிந்தபோது அதற்குள் அரசு மருத்துவக் கல்லூரி எதுவும் இல்லை, பெரிய சிகிச்சைக்குத் திருநெல்வேலிக்குத்தான் ஓட வேண்டும். வயலில் கடிபட்டு வருபவருக்கு விஷமுறிவு மருந்து எத்தனை குப்பி ஏற்ற வேண்டும் என்பது அங்கே ஏட்டுக் கேள்வி இல்லை. கூடுதலாக ஏற்றினால் மருந்து சீக்கிரம் தீரும், ஒவ்வாமை ஆபத்தும் உண்டு. குறைத்து ஏற்றினால் உயிர் போகலாம்.

இதற்கு முறைசார் மீளாய்வு ஒன்று 2015இல் வந்தது. கூடிய அளவா, குறைந்த அளவா என்று கேட்ட அந்த இந்திய மீளாய்வுக்குத் தேடலில் கிடைத்தவை 36. தேறியவை ஐந்து சோதனைகள், மொத்த நோயாளிகள் 473 பேர். குறைந்த அளவும் கூடிய அளவுக்கு ஈடாகவே வேலை செய்வதாகத் தெரிந்தது, ஆனால் சான்றின் தரம் 'மிகக் குறைவு' என்று மீளாய்வாளர்களே முத்திரை குத்தினார்கள். அதே ஆண்டில் பாம்பு விஷத்தால் ரத்தம் உறையாமல் போவதற்கு விஷமுறிவு மருந்து எந்த அளவுக்குப் பயன்படுகிறது என்று காக்ரேன் மீளாய்வு ஒன்று கேட்டது. இலங்கையின் பேராதனையைச் சேர்ந்த கலன மதுவகே முதல் ஆசிரியர். வெற்று மருந்தோடு ஒப்பிட்டுச் செய்த, அவர்கள் விதிக்குப் பொருந்தும் சோதனை ஒன்றுகூட அகப்படவில்லை. வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் காட்டுவதற்குக்கூட அந்த முழு உழைப்பும் தேவைப்பட்டது. இதை வீண் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 'தேடினோம், இல்லை' என்று கணக்கோடு சொல்வதற்கும் 'இருக்காது என்று நினைக்கிறோம்' என்று சொல்வதற்கும் நடுவே ஆராய்ச்சிப் பணத்தை எங்கே போடுவது என்ற முடிவு தொங்குகிறது.

36 கட்டுரை என்பதைச் சலிக்க ஒரு பகல் போதும். அந்த மீளாய்வின் பலவீனம் சலித்த இடத்தில் இல்லை, சலிக்க வந்து சேர்ந்ததில் இருக்கிறது. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மின்களஞ்சியத்தில் முதுநிலை மாணவர்களின் ஆய்வேடுகள் குவிந்து கிடக்கின்றன. பாம்புக்கடி பற்றியவையும் அதில் உண்டு. யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கலாம். ஆனால் பப்மெட்டில் தேடுபவர் கண்ணில் அவை படா. முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்குச் சோத்கங்கா இருக்கிறது, அதன் தேடுபொறியோ பொறுமையைச் சோதிக்கும். இந்த இரண்டிலும் உட்கார்ந்து கையால் தேடுவதுதான் நம் ஊர்க் கேள்விகளுக்கு அதிகச் செலவு பிடிக்கும் வேலை. வெளிநாட்டுச் செலவுக் கணக்குகளில் இதற்குத் தனி வரி கிடையாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. நம் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நான்குக்காகத் தயாராவது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில், குற்றாலத்துக்கு மேலே விரியும் அந்தத் தொடரிலும், மூக்கு மேல்நோக்கி வளைந்த குழிவிரியன் ஒன்று வாழ்கிறது. அதன் விஷம் இந்த மருந்துக்குக் கட்டுப்படாது. சமவெளி மருத்துவமனையில் நடந்த சோதனையின் முடிவைச் செங்கோட்டை எஸ்டேட் தொழிலாளிக்கு அப்படியே பொருத்தலாமா? மீளாய்வு இந்தக் கேள்வியை எழுப்பும். பதில் சொல்ல உள்ளூர் மருத்துவர் ஒருவர் குழுவில் இருக்க வேண்டும்.

குழு என்றதும் செலவின் நடுமையத்துக்கு வந்துவிடுகிறோம். ஒருவரே சுருக்கங்களைச் சலித்தால் தகுதியான ஆய்வுகளில் நூற்றுக்கு 13 நழுவிப்போகின்றன, இருவர் சலித்தால் 3 என்று 2020இல் கார்ட்லேனர் குழு காட்டியது. எண்களைப் பிரித்தெடுக்கும் கட்டத்தில் ஒருவர் எடுத்ததை மற்றவர் சரிபார்க்க மட்டும் செய்தால், இருவரும் தனித்தனியே எடுப்பதைவிட நேரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம், ஆனால் பிழை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடும் என்பது 2006இல் வந்த இன்னொரு சோதனையின் முடிவு. ஆக இரண்டாவது வாசகர் ஆடம்பரமில்லை. எனக்குத் தெரிந்த கல்லூரிகளில் ஆய்வு செய்பவர்களுக்கு இல்லாதது அறிவோ ஆர்வமோ இல்லை. அதே பொருளில் பயிற்சியும், அவர்களைப் போலவே நேரமும் உள்ள இன்னொரு ஆள்தான். வழிகாட்டிக்கும் மாணவருக்கும் இடையே இந்த ஏற்பாடு சரிப்படாது. 'சார் விலக்கிவிட்டாரே' என்று மாணவர் தம் முடிவை மாற்றிக்கொள்வார். ஒருவர் முடிவை மற்றவர் பார்க்கக் கூடாது என்ற விதி அன்றே செத்துப்போகும்.

மருத்துவத்தை விட்டுக் குற்றாலத்துக்கே உரிய ஒரு கேள்வியைப் பார்ப்போம். அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு, சீயக்காய் தேய்த்துக் குளிக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்தது. சாரல் காலத்தில் அங்கே கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்கள் தடையின் நியாயத்தைச் சந்தேகிக்க மாட்டார்கள். ஆனால் குளிக்கும் சோப்பு மலையோடை மீனுக்கும் தவளைக்கும் எந்த அளவில் கேடு செய்கிறது, ஓடும் நீரில் எவ்வளவு தூரத்துக்கு என்று அறிவியல் கேள்வியாகக் கேட்டால்? ஆழ்வார்குறிச்சியில் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் பரமகல்யாணி சுற்றுச்சூழல் அறிவியல் மையம் இருக்கிறது, குற்றாலத்திலேயே பராசக்தி மகளிர் கல்லூரி இருக்கிறது. கேட்கத் தகுதியானவர்கள் பக்கத்திலேயே உண்டு.

அவர்களில் ஒருவர் நாளை இதைத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 'சோப்பு' என்று தேடினால் வேலைக்கு ஆகாது. சோடியம் லாரில் சல்ஃபேட் தொடங்கி அதன் குடும்பப் பெயர்கள் எல்லாம் வேண்டும். மீன் என்றால் எந்த மீன்? ஆய்வுக்கூடத் தொட்டியில் வளர்த்த கெண்டை மேல் நடந்த சோதனைகள் கூட்டமாக வந்து நிற்கும். சிற்றாற்றில் அதே மீன் இருந்தாலும் தொட்டி நீர் ஓடாது, அருவி நீர் ஓடும். தொட்டிச் சோதனையைச் சேர்ப்பதா விலக்குவதா? இந்த ஒரு விதியை முடிவுசெய்யக் குழு ஒரு வாரம் வாதிட நேரும், நேர வேண்டும். ஸ்கோபஸ் போன்ற தரவுத்தளத்துக்குச் சந்தா உள்ள நிறுவனத்தின் கடவுச்சொல் வேண்டும். முழுக் கட்டுரைகளுக்கு 2024 நவம்பரில் ஒன்றிய அரசு 6,000 கோடி ரூபாயில் ஒப்புதல் தந்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் ஓரளவு கைகொடுக்கும். முப்பது பதிப்பகங்களின் 13,000 இதழ்களை அது திறந்துவிடுகிறது. ஆனால் முதல் கட்டத்தில் அது அரசு நடத்தும் நிறுவனங்களுக்குத்தான், மேலும் இதழைப் படிக்கத் தருவது வேறு, எந்த இதழில் எது இருக்கிறது என்று தேடித் தருவது வேறு. பணம் இதழுக்குப் போயிருக்கிறது. தேடும் ஆளுக்குப் போகவில்லை.

குறுக்கு வழிகள் இல்லையா? உண்டு. ஆஸ்திரேலியாவின் பாண்ட் பல்கலைக்கழகக் குழு ஒன்று தானியங்கிக் கருவிகளை வைத்து ஒரு முழு மீளாய்வை இரண்டே வாரத்தில் முடித்து 2020இல் அறிவித்தது. செய்தியாக இது பரவியபோது கருவிகளின் பெருமைதான் பேசப்பட்டது. அந்தக் குழுவில் இருந்தவர்கள் வருடக்கணக்கில் இதே வேலை செய்தவர்கள், அந்த இரண்டு வாரம் மற்ற வேலையை ஒதுக்கிவைத்தவர்கள், எடுத்துக்கொண்ட கேள்வியும் சிறியது. சலிக்க உதவும் ரய்யான், உத்ரெக்ட்டில் உருவான ஏ.எஸ்.ரிவியூ இரண்டையும் காசில்லாமலே பயன்படுத்தலாம். நாம் ஏற்பதையும் விலக்குவதையும் பார்த்துப் பழகி, அடுத்து எதைப் படிக்கலாம் என்று ஏ.எஸ்.ரிவியூ வரிசைப்படுத்தும். நல்ல உதவிதான். ஆனால் அது மிச்சப்படுத்துவது அந்தக் கால் மணி நேரங்களை. 721 மணி நேர அடித்தளத்தில், கேள்வியை வரையறுப்பதிலும் ஆய்வின் குறையை எடைபோடுவதிலும், அதிகம் கை வைப்பதில்லை. மொழிமாதிரிகளிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் மீளாய்வு போன்ற ஒன்றைத் தந்துவிடும். எதை ஏன் விலக்கியது என்று கேட்டால் அது சொல்லும் காரணம் கேட்ட பிறகு புனைந்ததாகவும் இருக்கலாம். ரசிகமணியிடமாவது ரசனை இருந்தது.

அவசரப்படவும் நியாயம் இருக்கிறது. மீளாய்வுகள் சீக்கிரம் கெட்டுப்போகின்றன. 2007இல் ஷோஜானியா குழு நூறு மீளாய்வுகளைப் பரிசோதித்தது. நூற்றுக்கு 7 அச்சான அன்றே காலாவதி, 23 இரண்டு ஆண்டுக்குள். பாதி மீளாய்வுகள் தாக்குப்பிடிக்கும் காலம் ஐந்தரை ஆண்டு. உலகில் நாளொன்றுக்கு 75 மருத்துவச் சோதனைகள் வெளியாகின்றன என்று 2010இல் கணக்கிட்டவர்கள் உண்டு. எனவே மீளாய்வு என்பது ஒருமுறை கட்டி முடித்துத் திறப்பு விழா நடத்தும் கட்டடமாக இருக்க முடியாது. நம் நிதி வழங்கும் ஏற்பாடுகளோ திட்டம், மூன்று ஆண்டு, நிறைவு அறிக்கை என்ற வாய்ப்பாட்டில் ஓடுகின்றன. பராமரிப்புக்குப் பணம் கேட்டால் 'புதிதாக என்ன?' என்ற கேள்வி வரும்.

ஒவ்வொரு கல்லூரியும் ஒரு மீளாய்வு வெளியிட வேண்டும் என்று கட்டளை போடுவது மோசமான யோசனை. அது பட்டியலை நிரப்பும் போலி மீளாய்வுகளைப் பெருக்கும், பெருக்கியும் வருகிறது. அடித்தளச் செலவைப் பகிர்ந்துகொள்வதே வழி. நெல்லை, தென்காசி, தூத்துக்குடிக் கல்லூரிகளுக்குப் பொதுவாகப் பல்கலைக்கழகத்தில் ஒரு சிறு குழு: தேடல் வடிவமைக்கப் பயிற்சி பெற்ற நூலகர் ஒருவர், புள்ளியியல் தெரிந்தவர் ஒருவர், எந்தக் கல்லூரியிலிருந்து கேள்வி வந்தாலும் இரண்டாவது வாசகராக உட்காரச் சம்பளம் வாங்கும் இளம் ஆய்வாளர்கள் இருவர். கேள்வியும் உள்ளூர் அறிவும் கல்லூரியிலிருந்து வரும். களஞ்சியங்களில் கிடக்கும் ஆய்வேடுகளை ஒருமுறை ஒழுங்காக அட்டவணைப்படுத்தினால் அதைப் பத்து மீளாய்வுகள் பயன்படுத்தும்.

இந்த நால்வரில் எளிதில் கிடைக்காதவர் நூலகர்தான். நூலகர் இணையாசிரியராக உள்ள மீளாய்வுகளில் தேடலின் தரம் கூடுகிறது என்று ரெத்லெஃப்சன் குழு 2015இலேயே காட்டிவிட்டது. நம் கல்லூரிகளில் நூலகர் புத்தகம் கொடுத்து வாங்குகிறார், தணிக்கைக்குப் பட்டியல் தயாரிக்கிறார், மாணவர்களின் ஆய்வேட்டைத் திருட்டுச் சோதனை மென்பொருளில் ஏற்றித் தருகிறார். அவர் வடிவமைத்த தேடலுக்காக ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் அவர் பெயரை அச்சிட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. அந்தப் பெயரைச் சேர்க்க எந்தத் திட்டத்தின் ஒப்புதலும் தேவையில்லை, ஒரு ரூபாய் செலவும் இல்லை. அடுத்த மீளாய்வின் முதல் கூட்டத்துக்கு அவரை அழைத்து, தேடலை அவர் பொறுப்பில் விட்டுத் தொடங்கலாம்.